வாத்துக்குக் குரல் கடைவது

நான் வேட்டைக்குப் போகிறவள் இல்லை. எங்கள் வீட்டில் முட்டை வரைக்கும்தான், அதுவும் கணவருக்கும் பையனுக்கும். ஆனாலும் கராஜில் ஒரு அலமாரித் தட்டு முழுக்க வாத்து ஊதல்கள் நிற்கின்றன. எல்லாம் நானே மரத்தை லேத்தில் ஏற்றிக் கடைந்து, துளைத்து, அரம் போட்டு, ஊதிப் பார்த்து வைத்தவை. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரத்தில் சாப்ட்வேர் வேலை பார்க்கும் ஒரு கும்பகோணத்துப் பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: இது ஒரு வாத்தியம். வாத்தியம் செய்கிறவர் கச்சேரிக்குப் போயே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

ஆர்கன்சாவில் டக் கால், அதாவது வேட்டைக்காரர்கள் வாத்தை அழைக்க ஊதும் இந்த ஊதல், என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். பெட்ரோல் பங்க் கடையிலேயே தொங்கும். ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போனில் விளக்கியபோதுதான் திணறினேன்.

"ஏண்டி, வாத்தைக் கூப்பிட்டு நீ என்ன பண்ணப் போற?"

"நான் கூப்பிடலம்மா. கூப்பிடறவங்களுக்குச் செஞ்சு தரேன்."

"சுடறதுக்கா?"

"ஆமாம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சரி, கையை வெட்டிக்காம செய்" என்றாள். அம்மாவின் சம்மதம் எப்போதும் இப்படித்தான் வரும்.

பொருள் என்னவோ சின்னது. உள்ளங்கையில் அடங்கும். மரத்தாலோ அக்ரிலிக்காலோ ஆன இரண்டு துண்டுகள். வாயில் வைத்து ஊதும் பக்கம் பேரல். அது வெறும் குழல். அதற்குள் இறுக்கமாகச் செருகி நிற்பது இன்செர்ட். இன்செர்ட்டின் உள்முனையைப் பாதியாகச் சீவி, லேசாக வளைந்த ஒரு மேடையாக விட்டிருப்பார்கள். அதுதான் டோன்போர்டு. அதன் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடும், காற்று வெளியேறுவதற்கு. மேடைமேல் மைலார் என்ற பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிய மெல்லிய நாக்கு, ரீட். ரீடின் அடிப்பக்கத்தை ஒரு கார்க் ஆப்பு அழுத்திப் பிடித்திருக்கும், நுனிப்பக்கம் பிடிப்பில்லாமல் நிற்கும். ஊதினால் அந்த நுனி டோன்போர்டின்மேல் படபடவென்று அடித்து அதிரும். கிளாரினெட்டின் உள்ளே நடப்பதும் இதுவேதான்.

இந்தச் சின்னப் பொருளைச் சுற்றி ஒரு ஊரே இருக்கிறது. லிட்டில் ராக்கிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் ஸ்டுட்கார்ட். பெயரைப் பார்த்தாலே தெரியும், 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர்கள் வந்து குடியேறிய ஊர். உலகத்தின் நெல், வாத்துத் தலைநகரம் என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அந்தப் பக்கத்துச் சமவெளியில் மேல்மண்ணுக்குக் கீழே கெட்டியான களிமண் அடுக்கு இருக்கிறது. தண்ணீர் கீழே இறங்காது. 1900களின் தொடக்கத்தில் அங்கே நெல் வந்தது. 1921இல் விவசாயிகள் சேர்ந்து ஆரம்பித்த ரைஸ்லாண்ட் கூட்டுறவுக்கு இன்றும் தலைமையகம் ஸ்டுட்கார்ட்தான். அமெரிக்காவில் விளையும் நெல்லில் கிட்டத்தட்டப் பாதி இந்த மாநிலத்தில் விளைகிறது. அறுவடை முடிந்து வயலில் தண்ணீர் கட்டினால், கனடாவிலிருந்தும் டகோட்டா மாநிலங்களிலிருந்தும் மிசிசிப்பி ஆற்றை ஒட்டியே தெற்கே வரும் மல்லார்ட் வாத்துகள் சிந்திய நெல்லைத் தின்ன இறங்குகின்றன. பக்கத்தில் பயோ மெட்டோ போன்ற இடங்களில் ஓக் காடுகள் குளிர்காலத்தில் முழங்கால் ஆழத்துக்கும் மேலே தண்ணீரில் நிற்கும். ஓக் கொட்டைகளுக்காக வாத்துகள் மரக்கிளைகளுக்கு நடுவே சுழன்று சுழன்று இறங்கும். மரத்தில் சாய்ந்து நிற்கும் வேட்டைக்காரர் அவற்றைக் கீழே அழைப்பது இந்த ஊதலால்தான்.

முதல் தடவை அந்த வயல்களைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. எங்கள் பக்கம் சம்பா அறுத்த தாளடியில் வாத்து மேய்ப்பவர்கள் கூட்டம் கூட்டமாக ஓட்டி வருவார்கள். வீட்டு வாத்துகளில் பெரும்பாலானவை இந்த மல்லார்டின் வழிவந்தவைதான். நெல், தேங்கிய தண்ணீர், வாத்து. இங்கே அதைக் கோல் வைத்து ஓட்டுபவர் கிடையாது, அவ்வளவே.

ஊதல் வருவதற்கு முன்பும் வாத்தை அழைக்க வழி இருந்தது: உயிருள்ள வாத்துகளையே காலில் கயிறு கட்டித் தண்ணீரில் விட்டுக் கத்த வைப்பார்கள். 1935இல் மத்திய அரசு அதைத் தடை செய்தது. அன்றிலிருந்து குரல் முழுக்க மனிதரின் வாயிலிருந்துதான் வந்தாக வேண்டும். பதிவு செய்த சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டு வாத்தை ஏமாற்றுவதும் இங்கே சட்டவிரோதம். போனில் ஒரு பட்டனைத் தட்டினால் உலகத்திலுள்ள எந்தப் பறவையின் குரலும் கேட்கும் காலத்தில், ஒரு சட்டம் கையால் கடைந்த குழலைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. எனக்குப் பிடித்த சட்டங்களில் இதுவும் ஒன்று.

ஊதல் அதற்கு வெகுகாலம் முன்பே பிறந்துவிட்டது. டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஈலம் ஃபிஷர் 1870இல் காப்புரிமை வாங்கியிருக்கிறார். இல்லினாய் மாநிலத்தில் மன்மத் ஊரின் ஃப்ரெட் ஆலன், டென்னசியில் ரீல்ஃபுட் ஏரிக்கரையின் விக்டர் க்ளோடோ என்று ஆற்றுக்கரைக்கு ஆற்றுக்கரை ஒரு மூலவர். 1904இல் இல்லினாயில் பீக்கின் ஊரின் பிலிப் ஓல்ட் எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் வார்த்த ஊதல்களைச் செய்யத் தொடங்கினார். அவருடைய டி-2 என்ற வடிவம்தான் எல்லா இடமும் பரவியது. ரீட், ஆப்பு, டோன்போர்டு எல்லாம் ஒரே இன்செர்ட்டில் அடங்கும் அந்த அமைப்பை ஆர்கன்சாக்காரர்கள் எடுத்துக்கொண்டு மரத்தில் கடைய ஆரம்பித்தார்கள். ஸ்டுட்கார்ட்டின் சிக் மேஜர் 'டிக்ஸி மல்லார்ட்' என்ற பெயரில் செய்தவை இன்று சேகரிப்பாளர்களின் கண்ணாடி அலமாரிகளில் இருக்கின்றன. அவரிடம் சிறுவனாகக் கற்றுக்கொண்ட புட்ச் ரிச்சன்பேக் 1976இல் ரிச்-என்-டோன் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்த வரிசையைப் பார்த்தால் எனக்கு ஒரு பாட்டு மரபின் குருபரம்பரை ஞாபகம் வரும். ஒவ்வொருவரின் டோன்போர்டு வளைவும் ஒரு பாணி. காது பழகியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு யாருடைய ஊதல் என்று சொல்கிறார்கள்.

சரி, லேத்துக்கு வருவோம். இங்கே ஊருக்கு ஊர் கடைசல்காரர்கள் சங்கம் இருக்கிறது. பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் கடைந்து காட்ட மற்றவர்கள் காப்பி குடித்துக்கொண்டு குறை சொல்வார்கள். நான் பேனா கடையப் போய்ச் சேர்ந்தவள். அங்கே வந்த ஒரு முதியவர், வாழ்நாள் முழுக்க வேட்டைக்காரர், சட்டைப் பையிலிருந்து தன் ஊதலை எடுத்து ஊதிக் காட்டினார். கூடத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேனாவால் அப்படி ஒரு காரியம் முடியுமா? அன்றோடு பேனா முடிந்தது.

பேரல் கடைவது கடினமில்லை. ஒன்றரை அங்குலச் சதுரத்தில், நாலு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் ஒரு கட்டை. நார் நீளவாக்கில் ஓட வேண்டும். முதலில் துளை, பிறகுதான் வெளிவடிவம். இந்த வரிசையை மாற்றக் கூடாது, ஏனென்றால் வெளியே கடைவது துளையை மையமாக வைத்து. துளை 5 நூல். அமெரிக்கப் பட்டறைகளில் எட்டில் ஐந்து அங்குலம் என்பார்கள். நம்மூர் ஆசாரி கணக்குதான் எனக்குச் சட்டென்று மனதில் நிற்கிறது. கட்டையை லேத்தின் சுழலும் பிடியான சக்கில் பிடித்து, எதிர்ப்பக்கத்து டெயில்ஸ்டாக்கில் டிரில் பிட்டை மாட்டி, வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் உள்ளே போய் வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட்டு மறுபடி உள்ளே போக வேண்டும். அவசரப்பட்டு ஒரே தம்மில் இறக்கினால் உள்ளே சூடேறும். எண்ணெய்ப் பசையுள்ள கனமரங்கள் சூட்டில் வெடிக்கும். சில சமயம் வெடிப்பு உடனே தெரியாது, பாலிஷ் எல்லாம் முடிந்த பிறகு மயிரிழையாகக் கண்ணில் படும்.

துளை முடிந்ததும் கட்டையை, துளைக்குள் நுழைந்து விரிந்து பிடிக்கும் மேண்ட்ரலில் ஏற்றி, சதுரத்தை உருளையாக்கி, வாய் வளைந்த உளியால் வடிவம் எடுப்பது. இந்த இடம் சுகமான இடம். உளி சரியாகப் பட்டால் மரம் சுருள் சுருளாக உரிந்து மணிக்கட்டின்மேல் விழும். உதடு படும் முனை லேசாகக் குழிந்து இருக்க வேண்டும்; குளிரில் விறைத்த உதடு, கையுறை போட்ட விரல் இரண்டையும் நினைத்துக் கடைய வேண்டும். கழுத்தில் மாட்டும் கயிறுக்கு ஒரு பள்ளம். இன்செர்ட் செருகும் பக்கம் ஒரு பித்தளைப் பூண். பூண் அழகுக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இன்செர்ட் ஈரத்தில் ஊதிப் பெருத்தால் பேரல் பிளக்கும். பூண் அதைப் பிடித்து வைக்கும். அப்புறம் உப்புத்தாள், 150இல் தொடங்கி 600, 800 என்று ஏறிக்கொண்டே போவது. மேலே எண்ணெயோ, சூப்பர் க்ளூவை மெல்லிய படலம் படலமாக ஏற்றிய கண்ணாடிப் பளபளப்போ, அவரவர் விருப்பம். எனக்கு எண்ணெய். கையில் மரம் மரமாகத் தெரிய வேண்டும்.

இவ்வளவும் முடிந்தால் கையில் இருப்பது மிக அழகான ஒரு ஊமைக் குழல்.

இந்தப் பொழுதுபோக்கில் எனக்குள்ள ஒரே சண்டை இங்கேதான் ஆரம்பம். கண்காட்சிகளில் மேசை மேசையாக ஊதல்களை அடுக்கி வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மர ரேகையைப் புகழ்ந்து, விலை கேட்டு வைத்துவிட்டுப் போவார்கள். வாயில் வைத்து ஊதிப் பார்ப்பவர் குறைவு. (சுகாதாரக் காரணம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.) செய்கிறவர்களும் அதற்கு ஏற்றபடி மாறிவிடுகிறார்கள். சாயம் ஏற்றிய மரம், ஐந்து வண்ண அக்ரிலிக், உள்ளே பதித்த செப்புத்தூள். உள்ளே இருப்பதோ கடையில் வாங்கிய இன்செர்ட். அதில் தப்பில்லை, ஆனால் அப்போது அவர் செய்தது ஊதல் இல்லை, ஊதலுக்கு ஒரு உறை.

குரல் இருப்பது இன்செர்ட்டில், அதிலும் ஒன்றரை, இரண்டு அங்குல டோன்போர்டில். இன்செர்ட் கட்டையை வெளிப்பக்கத்திலிருந்து துளைப்பார்கள், உள்முனைக்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். பேரலுக்குள் போகும் பகுதியை 5 நூல் தடிமனுக்குக் கடைந்து, அதை ஒரு ஜிக்கில் செருகுவார்கள். ஜிக் என்பது கெட்டியான உலோகக் கட்டை. அதன் மேல்விளிம்பு நமக்கு வேண்டிய வளைவில் இருக்கும். விளிம்புக்கு மேலே துருத்தும் மரத்தை ரம்பத்தால் அறுத்து, மிச்சத்தை அரத்தால் தேய்த்துக்கொண்டே வந்தால், அரம் ஜிக்கைத் தொட்டு வழுக்கும் இடத்தில் டோன்போர்டு முடிந்தது. உள்ளே ஒளிந்திருந்த துளையின் மேற்பாதி அறுபட்டுப் போய், கீழ்ப்பாதி வாய்க்காலாகத் திறந்து கிடக்கும்.

ஜிக் இருந்தால் எல்லாம் ஒன்றுபோல வரும் என்று தோன்றும். வராது. ஜிக் கொடுப்பது தொடக்கம் மட்டும்தான். ரீட் எந்த இடத்தில் மேடையை விட்டு மேலெழ ஆரம்பிக்கிறது, நுனியில் எவ்வளவு இடைவெளி, வாய்க்காலின் ஓரம் கூர்மையா மழுங்கலா, இதெல்லாம் காகிதத் தடிமனில் மாறும்போது குரல் ஆளே மாறிவிடும். நுனி இடைவெளி அதிகமானால் நிறையக் காற்று கேட்கும், கிசுகிசுப்பாக ஊதினால் பேசாது. குறைந்தால் லேசாக ஊதினாலே பேசும், ஆனால் ஓங்கி ஊதியதும் ரீட் ஒட்டிக்கொண்டு மூச்சு அடைக்கும். மைலார் ரீடை நுனியில் கொஞ்சம் வெட்டினால் சுருதி ஏறும். வெட்டியதை ஒட்ட முடியாது. அதனால் எப்போதும் நீளமாக வெட்டி வைத்துக்கொண்டு, ஊது, நறுக்கு, ஊது, நறுக்கு என்று போக வேண்டும். தடிமன் 0.010 அங்குலமா 0.014ஆ என்பது இன்னொரு பஞ்சாயத்து. ஒரே ரீட் வைத்தால் குரலின் வீச்சு அதிகம், ஊதுபவருக்கு மூச்சுக் கட்டுப்பாடு வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ரீட் வைத்தால் கரகரப்பு தானாக வரும், எச்சில் பட்டு ஒட்டுவதும் குறைவு, ஆனால் உச்சத்துக்கு ஏறாது. லூசியானாவின் ஃபில் ராபர்ட்சன் 1970களில் இரட்டை ரீடை வைத்துத்தான் பெரிய வியாபாரமே கட்டினார். புதிதாக ஊதக் கற்பவருக்கு நான் இரட்டை ரீட்தான் தருவேன்.

இந்த இடத்தில் எனக்கு நாகஸ்வரத்தின் ரீடான சீவாளி நினைவுக்கு வராமல் இருக்காது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடைகிறார்கள். சீவாளிக்குப் பக்கத்துத் திருவாவடுதுறை. அங்கே இரண்டும் இரண்டு கைத்தொழில், வாத்தியக்காரரின் கவலை முழுக்கச் சீவாளி மேல். எத்தனை நல்ல குழலாக இருந்தாலும் சீவாளி அமையாத அன்று கச்சேரி அமையாது. அதனால்தான் நாலைந்தைக் கோத்து வாத்தியத்திலேயே தொங்கவிட்டிருப்பார்கள். இங்கே வேட்டைக்காரர்கள் கழுத்துக் கயிற்றில் மூன்று நான்கு ஊதல்களைத் தொங்கவிடுகிறார்கள்: காற்றடிக்கும் நாளுக்குச் சத்தமானது ஒன்று, மரங்களுக்கு நடுவே மெல்லப் பேச ஒன்று, ஆண் வாத்தின் குரலுக்கு ஒரு சின்ன விசில்.

ஆண் வாத்துக்குத் தனி விசில் ஏன் என்றால், நாம் 'குவாக்' என்று நினைத்துக்கொண்டிருக்கும் குரல் பெட்டையுடையது. பச்சைத் தலையும் பளபளப்புமாகத் திரியும் ஆண் மல்லார்டுக்கு அந்தக் குரல் கிடையாது. அடித்தொண்டையில் ஒரு கரகர, அவ்வப்போது ஒரு மெல்லிய சீழ்க்கை, அவ்வளவுதான். இது தெரிந்த பிறகு குளிர்காலத்தில் நகரப் பூங்காவின் குளக்கரையில் போய் உட்கார ஆரம்பித்தேன். பெட்டை ஒரே மாதிரி கத்துவதில்லை. முதல் ஒலி நீளமாக, ஓங்கி. பின்னால் வருபவை ஒவ்வொன்றும் குட்டையாகி, தாழ்ந்து, தேய்ந்து போகும். தின்னும்போது வாய்க்குள்ளேயே ஒரு முணுமுணுப்பு. தூரத்தில் பறக்கும் கூட்டத்தைப் பார்த்து ஒரு மாதிரி, பக்கத்தில் இறங்குவதைப் பார்த்து வேறு மாதிரி. ஒவ்வொரு பெட்டைக்கும் சுருதி வேறு, சிலதுக்கு நிஜமாகவே அபஸ்வரம். கராஜுக்குத் திரும்பி என் ஊதலை ஊதினால் மிகச் சுத்தமாக, மிக இனிமையாக இருந்தது, அதுதான் கோளாறே. ரீடின் இரண்டு மூலைகளையும் துளி நறுக்கி, டோன்போர்டின் நடுவை உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்தேன். ஒரு அழுக்கு வந்தது. அந்த அழுக்குதான் வாத்து.

ஊதும் விதமும் பாட்டு வாத்தியார் சொல்லிக்கொடுத்ததுதான்: கன்னம் உப்பக் கூடாது, காற்று அடிவயிற்றிலிருந்து வர வேண்டும், வெட்டிவிடும் இடம் தொண்டை. ஊதலுக்குள் 'ஊ' என்று ஊதினால் பீப்பீ. 'ஹட்' என்று உறுமினால்தான் வாத்து. பையன் இதை நொடியில் பிடித்துக்கொண்டான். நாங்கள் ஆன்லைன் கூட்டத்தில் இருக்கும்போதெல்லாம் மாடியிலிருந்து ஒரு பெட்டை கத்தும். "என்னங்க, அவன்கிட்ட இருந்து அதை வாங்குங்க" என்று நான் சொல்ல, அவர் "செஞ்சது யாரு?" என்பார்.

ஸ்டுட்கார்ட் போட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு வருடமும் நன்றி நவிலல் (தேங்ஸ்கிவிங்) வாரத்தில் மெயின் ஸ்ட்ரீட்டில் மேடை போட்டு உலக வாத்தழைப்புப் போட்டி நடக்கிறது. முதல் போட்டி 1936இல். பரிசு 6 டாலர் 60 சென்ட் மதிப்புள்ள ஒரு வேட்டைக் கோட்டு. இப்போது போட்டியாளருக்கு 90 விநாடி. அதற்குள் தூரத்துக் கூட்டத்தை அழைத்து, பக்கத்தில் வந்ததும் கொஞ்சிப் பேசி, தின்னும் முணுமுணுப்பைக் காட்டி, விலகிப் போவதைத் திரும்ப இழுக்க வேண்டும். வானத்தில் ஒரு வாத்தும் கிடையாது, கேட்பவர்கள் நடுவர்கள். உண்மையைச் சொன்னால், அந்த மேடையில் கேட்கும் ஒலி எந்தக் குளத்திலும் கேட்காது. முதல் நீண்ட அழைப்பு காதைத் துளைக்கும் உச்சத்தில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும், ஒரு சுத்தமான ராக ஆலாபனை. வயதான வேட்டைக்காரர்கள், இதைக் கேட்டால் வாத்து ஊரை விட்டே ஓடிவிடும் என்று முணுமுணுப்பார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும். குளத்தின் பேச்சு வேறு, மேடையின் பாட்டு வேறு. ஒரே டோன்போர்டை இரண்டுக்கும் வைக்க முடியாது என்பதுதான் கடைகிறவளுக்கு உள்ள வேலை.

அந்த மேடையில் 1955இலும் 1956இலும் ஆண்களோடு போட்டியிட்டு வென்றவர் பாட் பீகாக், சிக் மேஜர் குடும்பத்துப் பெண். சங்கத்தில் யாராவது என்னைப் பார்த்து, இது பெண்களுக்குப் பழக்கமில்லாத வேலை ஆயிற்றே என்று அன்பாக ஆரம்பித்தால், அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு உளியைத் தீட்டப் போய்விடுவேன்.

மரத்தைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம். எல்லாரும் முதலில் கேட்பது கோகோபோலோ. மத்திய அமெரிக்காவின் செம்மஞ்சள் மரம், நம் தோதகத்திக்கு ஒன்றுவிட்ட சகோதரம். எண்ணெய்ச் சத்து அதிகம், ஈரம் தாங்கும், பார்க்கக் கண் கொள்ளாது. ஆனால் அதன் தூள் பலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொந்தரவையும் கொடுக்கும்; தொட்டுத் தொட்டு நாளாக ஆக ஒவ்வாமை கூடும். 2017இலிருந்து தோதகத்தி இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன். பதிலுக்கு இந்த மண்ணின் மரமே இருக்கிறது: ஓசேஜ் ஆரஞ்சு. ஆர்கன்சா, ஓக்லஹோமா, டெக்சாஸ் பகுதியில் இயற்கையாக வளர்வது. ஓசேஜ் பழங்குடியினர் வில் செய்த மரம். முள்கம்பி வருவதற்கு முன் விவசாயிகள் வேலிக்கு நட்டது. கடையும்போது மஞ்சள் கிழங்கு நிறம், வெயில் பட்டால் வருடம் ஆக ஆகப் பழுப்பாகும். இரும்பு மாதிரி கனம். பழைய வேலியைப் பிடுங்குகிற விவசாயியிடம் கேட்டால் சும்மாவே கொடுப்பார்.

மரம் மாறினால் குரல் மாறுமா என்பது சங்கத்தில் காப்பி தீரும்வரை ஓடும் விவாதம். மரம் மென்மை, அக்ரிலிக் கூர்மை என்று ஒரு கட்சி. பேரலின் மரப்பெயரைக் காதால் கண்டுபிடிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. அதிர்வது உள்ளே இருக்கும் காற்றும் ரீடும்; துளையின் அளவும் வழவழப்பும் பேசுகிற அளவுக்குச் சுவர் பேசுவதில்லை. டோன்போர்டு மட்டும் விதிவிலக்கு. மரமானால் எச்சிலில் ஊறிப் பருத்து வளைவு மாறிவிடும். காலையில் நன்றாகப் பேசியது பத்து மணிக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அதனால் பலர் மரப் பேரலுக்குள் அக்ரிலிக் இன்செர்ட் வைக்கிறார்கள். வேட்டைக்கு என்று கேட்பவருக்கு நானும் அப்படித்தான் தருகிறேன். அலமாரிக்கு என்றால் முழுவதும் மரம்.

சைவச் சாப்பாட்டுக்காரி வேட்டைக் கருவி செய்யலாமா என்ற கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை, தேடவும் இல்லை. 1934இலிருந்து இங்கே வாத்து வேட்டைக்குப் போகிற, 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் வருடா வருடம் ஒரு மத்திய அரசு முத்திரை வாங்க வேண்டும், அந்தப் பணம் சதுப்பு நிலங்களைக் காப்பதற்குப் போகிறது என்பது தெரியும். வேட்டைக்குப் போகாதவர்களும் வாங்கலாம். நான் வாங்குகிறேன். அதனால் கணக்கு நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரே யோசனை: முதல் பணத்தை மரத்தில் போடாதீர்கள், நல்ல ஜிக் ஒன்றில் போடுங்கள். மேசை லேத் பழையது போதும். முகக்கவசமும் கண்ணாடியும் புதிதாக இருக்கட்டும். முதல் சில டோன்போர்டுகளை மலிவான மேப்பிள் மரத்திலேயே செய்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஊதுங்கள். எதில் எவ்வளவு தேய்த்தோம் என்று பென்சிலால் அதன்மேலேயே எழுதி வையுங்கள்.

எனக்கு அடுத்த வேலை ரீல்ஃபுட் பாணி. 1811, 1812 நிலநடுக்கங்களில் டென்னசியில் நிலம் தாழ்ந்து உண்டான ஏரி அது. தண்ணீருக்குள் சைப்ரஸ் மரங்கள் நிற்கும் அந்தக் கரையில் பிறந்த ஊதலில் மைலார் கிடையாது, உலோக ரீட். அங்கே டோன்போர்டு தட்டையாக இருக்கும், வளைவு ரீடில். தகட்டை வெட்டி, தட்டி, வளைத்து, ஊதிப் பார்த்து, மறுபடி வளைக்க வேண்டும். உரக்கப் பேசும், புதிதாக ஊதுபவருக்கு லேசில் மசியாது. சங்கத்து முதியவர் தன் அப்பா வைத்திருந்தது போல ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பேரல் வால்நட்டில் கடைந்து முடிந்துவிட்டது. அவரை டிசம்பர் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். பித்தளைத் தகடு இன்னும் வந்து சேரவில்லை.